முழியன் பறந்த படம்

ஏரிக்கரை மருத மரத்துப் பொந்தில் முழியன் என்ற ஆந்தையும் அதன் மனைவி புள்ளியும் குடியிருந்தன. பொந்துக்குள்ளே பஞ்சு உருண்டை போல ஒரே ஒரு குஞ்சு.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் காமிராவோடு வந்து புதர் மறைவில் உட்கார்ந்தாள்.

"ஆந்தை பறக்கிறதைப் படம் பிடிக்கத்தான் இவள் வந்திருக்கிறாள்!" என்று மைனா சேதி சொன்னது.

முழியனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் முகத்தைக் கண்டாலே அபசகுனம் என்கிறார்களே! இந்தப் படம் ஊருக்குள் போகட்டும், அப்புறம் பார்!" என்றது.

அன்று முதல் முழியனுக்கு வேட்டை மறந்து போயிற்று. இறகைக் கோதும். கழுத்தை நிமிர்த்தும். காமிராவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பறக்கும். ஒரு தடவை கிளையில் மோதிக்கொண்டது. இன்னொரு தடவை மைனாவின் மேலேயே விழுந்தது!

"இவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டு எதிரே இருக்கறது தெரியலையா?" என்று மைனா கத்தியது.

தினமும் வந்து உட்கார்ந்தும் அந்தப் பெண்ணுக்கு ஒரு படமும் சரியாக வரவில்லை.

புள்ளி மட்டும் தனியாகப் பூச்சி பிடித்து வந்தது. "நீங்க அழகுதாங்க, எனக்குத் தெரியாதா? குஞ்சைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி இரை தேடப் போனது.

முழியன் காதில் அது ஏறவே இல்லை. கிளை நுனிக்குப் போய் மிடுக்காக நின்றுகொண்டது. பசி தாங்காத குஞ்சு பொந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. கால் வழுக்கிவிட்டது. தொப்பென்று தரையில் விழுந்தது!

"அப்பா!"

வேர் இடுக்கிலிருந்து ஒரு கீரி தலையை நீட்டியது. "ஆகா, இளசு!" என்று நாக்கைச் சுழற்றியது.

முழியன் காமிராவை நினைக்கவில்லை, இறகையும் நினைக்கவில்லை. நகங்களை விரித்துக்கொண்டு கவண்கல் போலப் பாய்ந்தது. கீரியின் முதுகில் ஒரே பிறாண்டல்!

"ஐயோ, விடு! நான் வேறு பக்கம் போய்க்கிறேன்!" என்று கீரி ஓட்டமெடுத்தது.

"பயப்படாதே கண்ணு! பட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஏறு. அப்பா பின்னாலேயே வர்றேன்" என்றது முழியன். குஞ்சு நகத்தால் பற்றி, குட்டிச் சிறகை அடித்து அடித்து, ஒருவழியாகப் பொந்துக்குள் ஏறிவிட்டது.

அதற்குள் மைனா அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இருந்த கொப்பில் உட்கார்ந்து காமிராவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

"முழியா! நீ பாய்ஞ்சதை எடுத்துட்டா! இறகெல்லாம் கலைஞ்சு கிடக்கு, வாயைப் பிளந்துகிட்டு வர்றே. ஆனா என்ன அழகு, போ! வந்து பாரேன்!"

"அப்புறம் பார்த்துக்கலாம். பிள்ளை பசியோட இருக்கு" என்று சொல்லிவிட்டு, முழியன் குஞ்சைப் பொந்தின் உள்ளே தள்ளி உட்காரவைத்தது. திரும்பி வந்த புள்ளியோடு சேர்ந்து வெட்டுக்கிளி தேடப் பறந்தது.

தன்னைக் காட்டிக்கொள்ள நினைக்கும்போது வராத அழகு, பிறர்மேல் வைத்த அன்பில் தன்னை மறக்கும்போது தானே வந்துவிடும்.