சனிக்கிழமைச் சபை

முன்னொரு காலத்தில் பூவாற்றூர்ச் சீமையை மகுடராயன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தால் சிரிப்பு, நினைத்தால் சீற்றம், அப்படி ஒரு குணம். ஊரே அவனைக் கண்டு நடுங்கியது. அவனோ சனிக்கிழமையைக் கண்டு நடுங்கினான்.

ஏன் என்று கேளுங்கள். அந்த ஊரில் சனிக்கிழமை சபை கிடையாது. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மிளகு ரசம் சாப்பிட்டு, வீட்டோடு கிடக்கும் நாள். ராணி இருந்தவரை ராஜாவுக்கும் அதே வழக்கம்தான். அவளே தலையில் சூடு பறக்கத் தேய்ப்பாள். அவள் போனபின் வேலைக்காரர்கள் தேய்க்க வந்தார்கள். பயத்தில் கை நடுங்கியதே தவிர அழுந்தவில்லை. ராஜா எண்ணெய்க் குளியலையே விட்டுவிட்டான். பாவம், அத்தனை பெரிய அரண்மனையில் அன்றைக்கு அவனோடு பேச ஓர் ஆள் இல்லாமல் ஜன்னல் ஜன்னலாகப் போய் நிற்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை சபையில் கேட்டான்: "வாரத்தில் உங்களுக்குப் பிடித்த கிழமை எது?"

கொண்டல்ராயர் என்று ஒரு சபைக்காரர். மந்திரி ஆவுடையப்பரின் பதவி மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். துள்ளி எழுந்தார். "பிரபு, தங்களைத் தரிசிக்கும் நாளெல்லாம் பிடித்த நாள். சனிக்கிழமைதான் பிடிக்காத நாள்! அன்றைக்கும் சபை கூட்டுங்கள். வராதவர் பதவியைப் பிடுங்குங்கள்!"

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். "அப்படியே ஆகட்டும்! மந்திரியாரே, உமக்கு?"

"எனக்குச் சனிக்கிழமைதான் பிடிக்கும், மகாராஜா. ஏன் என்று இங்கே சொன்னால் புரியாது. நாளைக்கு என் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்."

"நான் உம் வீட்டுக்கா? நல்ல கதை! நாளைக்கு நீர் இங்கே வராவிட்டால் உம் முத்திரை மோதிரம் கொண்டல்ராயருக்கு!"

மறுநாள் சபை நிறைந்திருந்தது. மந்திரியைத்தான் காணோம். ஆனால் கூத்தைக் கேளுங்கள்! வழக்கத்தைக் கைவிட மனமில்லாத சபைக்காரர்கள் விடியுமுன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, ரசத்தையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்கு மேல் தூக்கம் சும்மா விடுமா? ராஜா பேச வாய் திறந்ததும் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. முன்வரிசையில் கொண்டல்ராயர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை.

ஆள் நிறைந்த சபையில் ராஜா ஒண்டியாக உட்கார்ந்திருந்தான். இதற்கு ஜன்னலோரமே தேவலை என்று தோன்றிவிட்டது. ஆத்திரமெல்லாம் வராத மந்திரி மேல் திரும்பியது. வாளை எடுத்துக்கொண்டு, ஒரு காவலனோடு கிளம்பிவிட்டான்.

மந்திரி முற்றத்தில் மணை போட்டு, கோவணத்தோடு உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து எண்ணெய் வழிந்தது.

"எண்ணெய்த் தலையோடு கும்பிடக் கூடாது, மன்னிக்கணும்" என்றார்.

"மோதிரத்தைக் கழற்றும்!"

"தாராளமாக. எண்ணெய்க் கை, சுலபமாகவே வரும். அதற்கு முன்னால் ஒரு சின்ன உபகாரம். முதுகுக்குக் கை எட்டவில்லை."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தான். அடுப்பங்கரையில் சத்தமே இல்லை. "தேய்க்க வீட்டில் ஆள் இல்லையா?"

"சம்சாரம் போய் வெகுநாளாயிற்று."

"எனக்குச் சொல்லவே இல்லையே!"

"நீங்கள் கேட்கவே இல்லையே."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எப்படி ஓய் இந்தக் கிழமை பிடிக்கும் என்றீர்?"

"எங்கே பிடிக்கிறது? விடிந்தால் எப்போது இருட்டும் என்று இருக்கும். நீங்கள் ஜன்னலில் நிற்பதும் என் வாசலிலிருந்து தெரியும். 'வாருங்கள், இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கலாம்' என்றால் வந்திருப்பீர்களா? கோபம் வந்தால்தான் வருவீர்கள். அதனால்தான் பொய் சொன்னேன்."

ராஜா வாளைச் சுவரில் சாய்த்தான். காவலனிடம் சொன்னான்: "சபையில் எல்லாரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பு. கொண்டல்ராயர் மட்டும் தூங்கட்டும். எழுந்ததும் கழுத்தில் ஒரு பறையை மாட்டு. சனிக்கிழமை சபை கிடையாது என்று அவரே தெருத்தெருவாக அடித்துச் சொல்லட்டும். மோதிரம் மந்திரி விரலிலேயே இருக்கும்."

பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மந்திரி முதுகை அழுந்தத் தேய்த்தான். தேய்த்து முடித்ததும் கிரீடத்தைக் கழற்றிவிட்டு அவனே மணையில் உட்கார்ந்தான். மந்திரி அவன் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துப் பட் பட்டென்று அடித்துத் தேய்த்தார். ராஜாவின் கன்னமெல்லாம் நனைந்தது.

"ஐயோ, எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டதா, மகாராஜா?"

"இல்லை ஓய். அழுகிறேன். நீர் தேயும்."