பூந்திக்கொட்டை கசந்த கதை

மரமும் மண்ணும் ஆற்றுத் தண்ணீரும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த பிறகு, நாலாவதாகப் பிறந்த பெண் குழந்தைதான் அவளுக்குத் தங்கியது.

அது பனிக்காலம். குழந்தைக்குக் குளிர் தாக்கிவிடுமோ என்று பயந்து விளக்கெண்ணெய் பூசிக்கொண்டே இருந்தாள். எண்ணெயில் புழுதி ஒட்டி, அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் அழுக்குச் சேர்ந்து புண்ணாகிவிட்டது. ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"எனக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. அது இருக்கிற இடத்தில் நான் நிற்கமாட்டேன்" என்று தண்ணீர் வழுக்கிக்கொண்டு போனது.

கரையில் துணி வெளுக்கிற உவர்மண் கிடந்தது. அதை அள்ளினாள்.

"எனக்கு மெல்லத் தொடத் தெரியாது, தாயி" என்றது மண்.

வேறு வழியில்லாமல் தேய்த்தாள். அழுக்கோடு தோலும் உரிந்தது. குழந்தை வீறிட்டது; பிறகு அதற்கும் தெம்பில்லாமல் முனகியது. பூந்தி மரத்தடியில் உட்கார்ந்து, "இதையும் கொடுத்துவிடுவேனோ" என்று காத்தாயி அழுதாள்.

அந்நாளில் பூந்திப் பழம் தேனாய் இனிக்கும். மரம் நிறையக் கிளிகள். அவற்றின் சத்தம்தான் மரத்துக்கு உயிர்.

"தாயி, என் பழம் இனிப்பை விட்டுவிட்டால் அந்த இடத்தில் நுரை ஊறும். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் அது பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்கு நோகாது" என்றது மரம்.

காத்தாயி அண்ணாந்து பார்த்தாள். "உன் கிளிகள்?"

மரம் தன் கிளைகளில் கத்துகிற கிளிகளுக்குக் காதுகொடுத்தது.

"அதுகளுக்குச் சிறகு இருக்கிறது. எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்."

சொல்லிவிட்டு ஒருமுறை கிளைகளை உலுக்கியது. பழங்கள் சுருங்கிப் பழுப்பேறி உதிர்ந்தன. ஒரு கிளி கொத்திப் பார்த்துத் துப்பியது. பொழுது சாய்வதற்குள் மரம் வெறிச்சோடிப் போனது.

காத்தாயி பழத்தோலைத் தண்ணீரில் கசக்கினாள். வெண்ணுரை பொங்கியது. தடவத் தடவ எண்ணெய் தானாகக் கழன்று தண்ணீரோடு போனது. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு, அவள் கையிலேயே தூங்கிவிட்டது.

புண் ஆறியதும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். கறுத்த விதைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. தூக்கிப் போக ஒரு பறவையும் இல்லை. அவற்றைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"இனி நான்தான் உனக்குக் கிளி" என்றாள். போகிற வழியெல்லாம் ஊன்றிக்கொண்டே போனாள்.

அன்று முதல்தான் பூந்திக்கொட்டை வாயில் வைத்தால் கசக்கிறது. பச்சைப்பிள்ளையின் மேனியில் பட்டால் மட்டும் பூப்போல நுரைக்கிறது.