ஆள்காட்டி முட்டையில் விரல்தடம் விழுந்த கதை

பறவை பேசுவதை மனிதர்கள் குனிந்து நின்று கேட்ட அந்தக் காலத்தில், செம்மண் காட்டுக்கு வழி காட்ட ஒரு பறவை இருந்தது. கால்கள் மஞ்சளாக, குச்சி போல நீளமாக இருந்ததால் எல்லோரும் அதை மஞ்சக்காலி என்று கூப்பிட்டார்கள். இலையோடு இலை உரசுகிற மாதிரி அத்தனை மெல்லிய குரல் அதற்கு. அது வாய் திறந்தால் கூட்டம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் காதில் விழாது.

காற்று மாறிக் கடலுக்குப் போக முடியாத நாட்களில், கரையோர ஊர்களிலிருந்து ஆட்கள் கட்டுச்சோற்றோடு அந்தக் காட்டைப் பார்க்க வருவார்கள். விடிந்ததும் காட்டு விளிம்பில் போய் நின்றால் போதும், மஞ்சக்காலி வந்து முன்னால் நடக்கும். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் காட்டி, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும்.

ஒரு வருஷம் அப்படி வந்த ஏழு பேரில் சிலம்பாயியும் ஒருத்தி. கடற்கரையில் சிப்பி பொறுக்கி, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது அவள் தொழில். கடலே இல்லாத காட்டில் சிப்பி கிடக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாம ஒரு சிப்பியா? சும்மா அளக்குறாங்க" என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள், கடைசியில் தன் கொழுந்தன் முத்திருளனையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அவனுக்குக் காடும் வேண்டாம், கல்லும் வேண்டாம். கட்டுச்சோற்றை எப்போது அவிழ்ப்பார்கள் என்பதுதான் கவலை.

மஞ்சக்காலி முதலில் காட்டியது, விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தை. பட்டை இருந்தது, கணு இருந்தது, உடைந்த வாயில் வளையம் வளையமாக வயசு தெரிந்தது. அதன்மேல் உட்காரப் போன முத்திருளன், "ஆத்தி! மதினி, இது கல்லு!" என்று எழுந்து பின்பக்கத்தைத் தடவிக்கொண்டான்.

"மண்ணுக்குள்ள எத்தனையோ காலம் கெடந்துச்சு. கொஞ்சங் கொஞ்சமாக் கல்லாப் போச்சு" என்றது மஞ்சக்காலி.

அடுத்து ஒரு மேட்டில் கல் அறைகள். நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். ஒரு பக்கக் கல்லில் மட்டும் தலை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை.

"யாரு வீடு இது?" என்று சிலம்பாயி கேட்டாள்.

"செத்தவங்களுக்குக் கட்டினது. யாரு கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது தாயி. தெரியாததத் தெரியும்னு சொல்லமாட்டேன்."

அந்தப் பதில் சிலம்பாயிக்குப் பிடித்துப்போயிற்று. ஊரில் அப்படிச் சொல்கிற ஆளை அவள் பார்த்ததில்லை.

உச்சி வேளையில் ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் மூன்றாள் உயரத்துக்குச் சிவந்த கரை. அந்தக் கரைச் சுவரில், மண்ணோடு மண்ணாக, ஆயிரம் ஆயிரமாகச் சிப்பிகள். சிலம்பாயி ஒன்றைப் பெயர்த்து எடுத்தாள். வரிவரியாக, வாய் மூடிய சிப்பி. கல்லாகக் கனத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை.

"இங்க கடல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. போறப்ப வீட்டக் காலி பண்ணாமப் போயிருச்சு."

அவள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் ஆயுள் முழுக்கப் பொறுக்கினாலும் தீராத சிப்பி. ஆனால் ஒன்றைக்கூட மடியில் கட்டிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பெயர்த்ததை அதே குழியில் திரும்ப வைத்தாள்.

சோறு தின்றதும் ஆட்கள் ஓடைக்குள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். மஞ்சக்காலி, கரையின் பாதி உயரத்தில் இருந்த ஒரு புதருக்குள் நுழைவதைச் சிலம்பாயி பார்த்தாள். எட்டிப் பார்த்தால், கோழி முட்டையில் பாதி அளவில் நாலு முட்டைகள். பாலில் முக்கி எடுத்தது போல வெள்ளை.

"இன்னும் பத்து நாள்ல பொரிஞ்சிரும்" என்று அது வெட்கத்தோடு சொன்னது.

அவர்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் மேற்கே மலையில் காலையிலிருந்தே மழை கொட்டியிருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. மஞ்சக்காலி கரைமேல் ஏறிக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தபோதுதான் பார்த்தது. ஓடையின் மேல் பக்கத்தில், கரிசல் மண்ணைக் கரைத்துக்கொண்டு, முள்ளையும் கட்டையையும் உருட்டிக்கொண்டு, வெள்ளம் வந்துகொண்டிருந்தது.

புதருக்குப் பறந்தால் ஒன்றிரண்டு முட்டைகளையாவது மேலே உருட்டிவிடலாம். அதற்குள் கீழே இருக்கும் ஏழு பேரும் போய்விடுவார்கள். "தண்ணி வருது" என்று சொல்லிப் பார்த்தது. அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை.

மஞ்சக்காலி கண்ணை இறுக மூடி, உடம்பில் இருந்த உயிரையெல்லாம் தொண்டைக்கு ஏற்றிக் கத்தியது. தொண்டை கிழிந்தது. கண்ணோரம் ரத்தம் கட்டிச் சிவந்தது. அந்தச் சத்தம் இரண்டு கரையிலும் மோதி எதிரொலித்தது. ஆட்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள், நீரின் இரைச்சலைக் கேட்டார்கள், கிடைத்த வேரைப் பிடித்து மேலே ஏறினார்கள்.

மேலே வந்து தலையை எண்ணினால் ஆறு.

"முத்திருளா! ஏலே முத்திருளா!" சிலம்பாயி அலறினாள்.

உண்ட மயக்கத்தில் அவன் எந்த வளைவில் கிடக்கிறானோ! மஞ்சக்காலி பறந்தது. ஓரிடத்துக்கு மேலே வந்ததும் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. சிலம்பாயி கரையோடு ஓடிக் கீழே பார்த்தாள். ஒரு பாறை நிழலில் துண்டை விரித்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பறவையின் கத்தலில் விழித்து, துண்டை வாரிக்கொண்டு எழுவதற்குள் தண்ணீர் அவன் கழுத்துக்கு ஏறிவிட்டது. அவள் சேலை முந்தானையைக் கீழே விட்டாள். மற்றவர்கள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, எல்லோருமாக அவனை இழுத்துப் போட்டார்கள்.

அவன் இருமி முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. எழுந்து புதர் இருந்த இடத்துக்கு ஓடினாள். தண்ணீர் புதரின் அடி வேரைத் தொட்டிருந்தது.

"மதினி, போகாத! மண்ணு சரியுது!"

"நீ கெடந்த எடத்தக் காட்டி உன் உசுரக் காப்பாத்துச்சுல்ல? அதோட உசுரு அங்க இருக்குடா. கையப் பிடி!"

முத்திருளன் மறுபேச்சுப் பேசாமல் குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் சரிவில் இறங்கி, இடுப்புவரை சேற்றுத் தண்ணீரில் நின்று, நாலு முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். மூச்சு விடுவதற்குள் புதர் போயிற்று.

மேலே ஒரு செடி கிடையாது. வெறும் சரளைப் பொட்டல். அங்கே ஒரு சின்னக் குழி பறித்து முட்டைகளை வைத்தாள். அதற்குள் இரண்டு காக்கைகள் வட்டமிட ஆரம்பித்தன. அந்த வெள்ளை, வெயிலில் ஒரு காத தூரத்துக்குப் பளிச்சென்று தெரியும். சிலம்பாயி கரையின் ஈரச் செம்மண்ணை அள்ளினாள். முட்டைகள்மேல் மண்ணிறமாக மெழுகினாள். புரட்டிப் புரட்டிப் பூசும்போது, வெள்ளத்துக் கரிசல் ஒட்டியிருந்த அவள் விரல் நுனிகள் பட்ட இடமெல்லாம் கறுப்புத் திட்டாக விழுந்தது. எட்டி நின்று பார்த்தாள். எது கல், எது முட்டை என்று அவளுக்கே தெரியவில்லை. காக்கைகள் போய்விட்டன.

மஞ்சக்காலி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. "தித்தீ... தித்தித்தீ" என்ற கத்தல்தான் வந்தது. கொடுத்த குரல் திரும்பவில்லை.

சிலம்பாயி அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "பேச வேணாம் தாயி. ஏழு வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியுதுன்னா அது உன்னால. நீ கத்து. எங்க பிள்ளைக, அதுக பிள்ளைக எல்லாம் கேக்கும்" என்றாள். முத்திருளன் தன் துண்டைப் பிழிந்து, வெயில் படாமல் பறவைக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று முதல்தான் மஞ்சக்காலிக்கு ஆள்காட்டி என்று பேர் வந்தது; பொட்டலில் கிடக்கும் அதன் முட்டைமேல் கறுப்புத் திட்டுகள் வந்தன; அது மனிதரைக் கண்டதும் கத்துகிறது. அந்தக் கத்தலைக் கேட்டால், செம்மண் காட்டுக்குப் போகிற கரையோரத்துப் பெண்கள் இன்றைக்கும் எடுத்த காலை நிறுத்தி, "பாத்துத்தான் வாரோம் தாயி" என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள்.