குக்கர் மூடியைத் திறக்காத சோம்பேறி

ஒரு ஊர்ல ஒரு சோம்பேறி இருந்தாரு. சாதாரண சோம்பேறி இல்ல தங்கம், தெருவே பேர் சொல்ற சோம்பேறி. தவசியப்பன்னு பேரு. தலைக்கு மேல ஃபேன் கடகட கடகடன்னு ஆடும். ஒருநாள் கழண்டு விழப்போகுது, கட்டிலை நகத்திப் போடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. விழும்போது நகத்திக்கலாம்னு அதுக்கு அடியிலயே படுத்திருப்பாரு. ம் சொல்லு. ம். அப்படித்தான், நிறுத்தாம சொல்லணும்.

அவரு பொண்டாட்டி சீனியம்மா அப்படியே நேர் எதிர். ஒரு நிமிஷம் கை சும்மா இருக்காது. சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சான்னா தொம் தொம்னு தெருமுனை வரைக்கும் கேக்கும். அவ சப்பாத்தி பஞ்சு மாதிரி இருக்கும். அதுல அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அப்போ அந்த வீட்டுக்கு மலைப்பக்கத்துலேர்ந்து ஒரு மருமக வந்தா. சுபாஷினி. வந்த கொஞ்ச நாள்ல உண்டாயிட்டா. மசக்கை புடிச்சு ஆட்டுது. ரசஞ்சோறா, உவ்வே. இட்டிலியா, உவ்வே. பச்சத்தண்ணி குடிச்சாலும் உவ்வே. புள்ள வாடி வதங்கி சுருண்டு கெடக்கு. டாக்டரம்மா வேற, இப்படியே பட்டினி கெடந்தா உள்ள இருக்குற குழந்தைக்கு ஆகாது, ஆஸ்பத்திரியில சேத்துற வேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க.

சீனியம்மா பக்கத்துல உக்காந்து, மசக்கைக்காரி கேட்டு இல்லன்னு சொல்லக்கூடாது, என்ன வேணும் சொல்லும்மான்னு கெஞ்சுனா. அந்தப் புள்ளைக்கு வெக்கம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொல்லுச்சு.

"நான் படிச்ச ஹாஸ்டல்ல கிறிஸ்துமஸுக்கு ஆப்பிள் பைன்னு ஒண்ணு குடுப்பாங்க, அத்தை. மாவுல ஓடு செஞ்சு, உள்ள ஆப்பிளை வெச்சுச் சுட்டது. ஓடு அப்பளமாட்டம் மெல்லிசா, மொறுமொறுன்னு இருக்கும். அது கெடைச்சா சாப்பிடுவேன்."

நம்ம ஊரு பேக்கரியில பப்ஸும் தேங்கா பன்னும்தான். ஆப்பிள் பைக்கு எங்க போறது? சுபாஷினியைக் கேட்டா, மைதாவும் வெண்ணெயும்னு தெரியும், மத்தபடி திங்க மட்டுந்தான் தெரியும்ங்குறா. சீனியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிட்டா. ஓவன் இல்லாட்டி என்ன, குக்கர் இருக்குல்ல. கேஸ்கட்டைக் கழட்டி, விசிலை எடுத்துட்டு, அடியில உப்பைக் கொட்டி அடுப்புல ஏத்திட்டா.

அப்புறம் மாவு. சீனியம்மா சும்மா விடுவாளா? தொம் தொம் தொம்னு பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி வெச்சு, மறுபடியும் தொம் தொம். வெந்து வந்தது பாரு, செருப்புத் தோலு தோத்துடும். சுபாஷினி ஒரு வாய் கடிச்சு இழுத்தா. சவுக் சவுக். வரல. நல்லாருக்கு அத்தைன்னு சொல்லிட்டு வெச்சிட்டா. நல்லாருந்தா ஏன் வெக்கிறா? அதான் சீனியம்மாவுக்கு அழுகை முட்டிட்டு வந்துது.

அப்புறம் ரெண்டாவது. இந்தத் தடவை மாவைக் கொஞ்சம் கம்மியாப் பிசைஞ்சா. ஆனா வெந்துச்சா வெந்துச்சான்னு மூடியைத் திறக்கிறா, மூடுறா, திறக்கிறா, மூடுறா. டங்கு டங்கு டங்கு. சூடெல்லாம் வெளிய போச்சு, வதக்காம வெச்ச ஆப்பிள் விட்ட தண்ணியெல்லாம் மாவுக்குள்ள போச்சு. சொதசொதன்னு கஞ்சியாட்டம். ம்? ம். தூங்கலையே?

அப்போ சீனியம்மா ஆப்பிளைச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுத் தண்ணி வத்துற வரைக்கும் வதக்கி வெச்சிட்டு, மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வரேன்னு கெளம்பிட்டா. போகும்போது புருஷங்கிட்ட, நான் வர்றதுக்குள்ள மாவையாவது நல்லாப் பிசைஞ்சு வையுங்கன்னு சொல்லிட்டுப் போனா.

தவசியப்பன் கண்ணை மூடிட்டாரு. ஆனா உள் ரூம்புல அந்தப் புள்ள முனகுறது கேக்குது. அவருக்கு மனசு கேக்கல. பல வருஷத்துக்கு அப்புறம் அடுப்படிக்குள்ள கால் வெச்சாரு. பல்லி பாத்துட்டு, யாரு இந்த ஆளுன்னு ஓடிப்போச்சு.

மாவையும் வெண்ணெயையும் விரல் நுனியால லேசா உதுத்தாரு. உள்ள அங்கங்க வெண்ணெய்க்கட்டி தெரியுது. பிசையணுமே, யாரு பிசையுறது. தண்ணி தெளிச்சு உருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிட்டுப் படுத்துட்டாரு.

கொஞ்சம் கழிச்சு எந்திரிச்சுப் பாத்தா, மாவு ஒரு கைப்பிடிதான் இருக்கு. மீதியெல்லாம் செருப்பாவும் கஞ்சியாவும் போயிருச்சே. கடைக்குப் போகணும். வெயிலு கொளுத்துது. யாரு போறது? இருக்குற மாவையே தட்டு முழுக்க வர்ற மாதிரி மெல்லிசா, அடியில தட்டுத் தெரியுற அளவுக்குத் தேச்சாரு. மேல மூட மாவு பத்தல, திறந்தே விட்டுட்டாரு. பழத்தைப் பரப்பிக் குக்கர்ல வெச்சு மூடிட்டு, சமையக்கட்டுத் தரையிலயே சாஞ்சுட்டாரு. நடுவுல திறந்து பாக்கணும்னு தோணத்தான் செஞ்சுது. அதுக்கு எந்திரிக்கணுமே.

கமகமன்னு வாசம் வந்து, ஓரம் செவக்குற நேரத்துக்குச் சீனியம்மா வந்துட்டா. சுபாஷினி எந்திரிச்சு, செவத்தைப் புடிச்சு நடந்து வந்து, ஒரு துண்டு வாயில வெச்சா. எல்லாரும் அவ முகத்தையே பாக்குறாங்க.

மொறுக்.

உவ்வே வருமான்னு பாத்தாங்க. வரல. இன்னொரு மொறுக். அப்புறம் தட்டைத் தன் பக்கமா இழுத்து வெச்சுக்கிட்டா.

சீனியம்மா புருஷன் பக்கம் திரும்புனா. "எப்படிங்க பிசைஞ்சீங்க?"

"பிசையவே இல்ல."

"மூடியாவது தெறந்து பாத்தீங்களா?"

"எந்திரிச்சாத்தான சீனி."

சீனியம்மா சிரிச்சா, கண்ணுல தண்ணி கொட்டுது. "ஒண்ணும் செய்யாம இருக்கத்தான் உங்களுக்கு நல்லா வருமே"ன்னு சொல்லி, தட்டுல உதிர்ந்து கெடந்த தூளை எடுத்து அவரு வாயில போட்டா.

அன்னைக்கு வயித்துக்குள்ள உக்காந்துக்கிட்டு, மொறுமொறுன்னு வேணும்னு வீட்டையே ஆட்டி வெச்ச வாலு யாரு தெரியுமா? இப்போ இந்தச் சோம்பேறித் தாத்தன் கைமேல தலைய வெச்சுப் படுத்துக்கிட்டு ம் கொட்டுது. கை மரத்துப் போச்சு. எடுக்கத்தான் சோம்பலா இருக்கு.

ம்? ம் காணோமே.

சரி, பையும் காலி, கதையும் காலி. லைட்டை அணைக்க நான் எந்திரிக்க மாட்டேன். நீ கண்ணை மூடிக்கோ, இருட்டாயிரும்.