கற்றாழை கசந்த கதை

செடிகொடிகள் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், கடலோரத்து உப்பளம் ஒன்றில் மாடத்தி என்ற பெண் வாழ்ந்துவந்தாள். உப்பு மண்ணில் ஒன்றும் முளைக்காது. அதனால் தொலைவிலிருந்து செம்மண் சுமந்து வந்து, குடிசை இறவாரத்தின் கீழ் மூன்று தொட்டிகள் வைத்திருந்தாள். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் கற்றாழை. அப்போது கற்றாழைக்கு முள் கிடையாது. உள்ளே இருக்கும் சதை நுங்கைப் போல இனிக்கும்.

ஒரு கோடையில் அடித்த காற்று பாதி இறவாரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. மீதி நிழலில் இரண்டு தொட்டிகளுக்குத்தான் இடம் இருந்தது.

"யாராவது ஒருத்தர் வெயிலுக்குப் போகணுமே. மல்லி, நீ போறியா?" என்றாள் மாடத்தி.

மல்லிகை தன் கொடியை நிழலுக்குள் இழுத்துக்கொண்டது. வெற்றிலையைக் கேட்டாள். அது இலையைச் சுருட்டிக்கொண்டது.

"நான் போறேன்மா. கொஞ்ச நாள்தானே" என்றது கற்றாழை.

"மழை வந்ததும் உன்னை உள்ளே எடுத்து வச்சிடுதேன்" என்றாள் அவள்.

மழை வரவில்லை. கிணறு வற்ற வற்ற, இருக்கிற தண்ணீர் மற்ற இரண்டுக்கும் போனது. "நீதான் தாங்குவியே" என்று சொல்லிவிட்டு மாடத்தி குடத்தோடு திரும்பிவிடுவாள். கற்றாழை இரவுப் பனியைச் சொட்டுச் சொட்டாக வாங்கி இலைக்குள் சேர்த்துவைத்தது. வெயிலில் அதன் ஓரங்கள் காய்ந்து கூர்மையாயின.

ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா வந்தது. மாடத்தியின் மகள் இசக்கிக்குத் தலை நிறையப் பூ வைக்க ஆசை. மல்லிகையோ வாடிக்கொண்டிருந்தது. மாடத்தி அரிவாளோடு வந்து, கற்றாழையின் மடல் ஒன்றை அறுத்து, அதன் நீரை மல்லிகையின் வேரில் பிழிந்தாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா."

"உன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நீ என் பிள்ளை மாதிரில்லா."

"அவங்க ரெண்டு பேரையும் கேட்டீங்களே" என்றது கற்றாழை.

மாடத்திக்கு அது காதில் விழுந்தது. ஆனாலும் மறுநாளும் வந்து அறுத்தாள். கற்றாழை அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விழுங்கியதெல்லாம் மஞ்சள் பாலாக அதன் மடலுக்குள் ஊறியது.

கொடை முடிந்த சில நாட்களில் இசக்கி வெயிலில் சுருண்டு விழுந்தாள். உடம்பு கொதித்தது. வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. தண்ணீர் தேடிப் போன தகப்பன் இன்னும் திரும்பவில்லை. மாடத்தி ஓடிவந்து மடலை அறுத்து, சதையைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மாடத்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு கசப்பு.

"பச்சப்பிள்ளைகிட்டயா உன் கோபத்தைக் காட்டுத?"

"கோபம் இல்லம்மா. அவளுக்கு இனிக்கணும்னுதான் நினைச்சேன். வரமாட்டேங்குது. உடம்புல தேச்சுப் பாருங்க."

மாடத்தி தேய்த்தாள். சூடு மெல்லத் தணிந்தது. தகப்பன் தண்ணீரோடு வரும்வரை பிள்ளைக்கு உயிர் தங்கியது.

மழை பெய்ததும் மாடத்தி மல்லிகைத் தொட்டியை நகர்த்திவிட்டு, நிழலில் அந்த இடத்தில் கற்றாழையை வைத்தாள். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள். நாலைந்து நாளில் அதன் அடி அழுகத் தொடங்கியது.

"என்ன வேணும் உனக்கு? இன்னும் ஊத்தட்டுமா?" என்று அழுதாள்.

"வேண்டாம்மா. என்னை வெயில்லயே வச்சிருங்க. இனி எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது."

கற்றாழை கடைசியாகப் பேசியது அதுதான். மாடத்தி தொட்டியைத் தூக்கிப் போய் வெயிலில் வைத்தாள். அது பிழைத்துக்கொண்டது.

அன்று தொட்டுத்தான் கற்றாழைக்கு ஓரமெல்லாம் முள்ளும் உள்ளே கசப்பும். இன்றும் நாம் அதை மொட்டைமாடியில், வேறு எதுவும் நிற்காத வெயிலில் வைக்கிறோம். தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறோம். அது ஒன்றும் சொல்வதில்லை.