குளிரி சுண்ணாம்புப் பையை அவிழ்த்த கதை

கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், சதுப்பு நிலத் தண்ணீரில் குளிரி என்றொருத்தி இருந்தாள். ஒரே ஒரு செல்தான் அவள் உடம்பு. அதற்குள் அவளுடைய தம்பிகளான அனலர்கள் கூட்டமாக வாழ்ந்தார்கள். அவள் தின்பதை எரித்துத் தெம்பு கொடுப்பது அவர்கள் வேலை. மைட்டோகாண்ட்ரியா என்று இன்று நாம் சொல்வது அவர்களைத்தான்.

ஒருமுறை கொசு ஒன்று குளிரியைச் சுமந்துபோய், காத்தான் என்ற படகோட்டியின் இரத்தத்தில் விட்டது. அவள் ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்துகொண்டாள். அங்கே சர்க்கரைக்குக் குறைவே இல்லை. அதை உடைத்து அவளே தெம்பு எடுத்துக்கொண்டாள்.

"இனி நீங்கள் எதற்கு? இடத்தை அடைத்துக்கொண்டு!" என்று தம்பிகளை வெளியே தள்ளினாள். ஒருவன் மட்டும் நகரவில்லை.

"அக்கா, நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால் உன் சாயலை அவர்களுக்குக் கடத்த மரபு இழை வேண்டுமே. அதற்கு நூல் திரித்துத் தர நான் இருக்கிறேன்."

"சரி, மூலையில் கிட."

பிள்ளைகள் பிறந்தன. ஒவ்வொன்றும் வளர்ந்த கையோடு சிவப்பணுவைத் துளைத்துத் தனியாகக் கிளம்பியது. வெளியே காவல் நின்ற வெள்ளையணுக்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து விழுங்கின. குளிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து ஓடினால் சிலராவது பிழைப்பார்கள். எப்படி ஒரே நேரத்தில் கிளப்புவது?" என்று கேட்டாள்.

"உன் உள்ளறையில் சுண்ணாம்புச் சத்தைக் கட்டி வைத்திருக்கிறாயே, அந்தப் பையை அவிழ்த்துவிடு. அதன் காரம் எல்லார் மேலும் ஒன்றாகப் பட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் துள்ளிக் கிளம்புவார்கள்" என்றான் அனலன்.

"பிள்ளைகள் வெந்துபோவார்களே!"

"மிஞ்சுவதை நான் குடித்துக்கொள்கிறேன்."

"ஒருத்தனாகவா?" குளிரியின் குரல் உடைந்தது. "மற்றவர்களையும் வைத்திருந்திருக்கலாம்."

அனலன் கிளைகிளையாக நீண்டான். பிறகு துண்டுதுண்டாகப் பிரிந்து, மிச்சமிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டாகப் புகுந்தான்.

குளிரி பையை அவிழ்த்தாள். சுண்ணாம்புச் சத்து பொங்கியது. சிவப்பணு வெடித்தது, அவளும் அதோடு கிழிந்துபோனாள். பிள்ளைகள் ஒரே பாய்ச்சலில் சிதறி ஓடின. சில பிடிபட்டன. பல அடுத்த சிவப்பணுக்களுக்குள் நுழைந்துவிட்டன.

வெடித்ததில் சிதறிய கழிவு இரத்தத்தில் கலந்ததும் காத்தான் படகிலேயே சுருண்டு விழுந்தான். கரையிலிருந்து ஓடிவந்த மனைவி செவந்தி அவனைத் தொட்டுப் பார்த்துப் பதறினாள்.

"என்னங்க, மண்டையைப் பிளக்கிற வெயில்ல இப்படி நடுங்குறீங்க?"

பல் கிட்டியதில் அவனால் பேச முடியவில்லை. போர்வை கேட்டுக் கையை மட்டும் நீட்டினான்.

குளிரியின் வழிவந்த மலேரியாக் கிருமி ஒவ்வொன்றும் ஒற்றை மைட்டோகாண்ட்ரியாவோடு பிறப்பதும், சுண்ணாம்புச் சத்து பொங்கியவுடன் அவை எல்லாம் சேர்ந்து சிவப்பணுவை உடைத்துக் கிளம்புவதும், அப்போது மனிதருக்குக் குளிர் தூக்கிப் போடுவதும் அன்றிலிருந்துதான்.