வர்க்கி வாசம் அடித்த தக்காளி

காதோடு மூக்கையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை இது.

குன்னூரில் ஒரு குடியிருப்பு. மூன்று மாடி, மேலே மொட்டை மாடி. அந்த மொட்டை மாடியில் சந்தனமாரி தொட்டிகளில் தக்காளி வளர்த்தாள். மண்ணை வாளி வாளியாகத் தானே படியேற்றினாள். செடிகள் ஆளுயரம் வளர்ந்தன, கொத்துக் கொத்தாய்க் காய்த்தன. ஆனால் பழுக்கவில்லை. மார்கழிக் குளிரில் காய்கள் அப்படியே பச்சையாய், கூழாங்கல்லாய் நின்றன.

தொட்டித் தண்ணீர் கசிந்து மேல்மாடி வீட்டுக் கூரையில் ஈரம் படிந்தது. குடியிருப்புக் கூட்டத்தில் செயலாளர் ஞானப்பிரகாசம் எழுந்தார்.

"அக்கா, பழம் தர்ற செடின்னா ஈரத்தைப் பொறுத்துக்கலாம். இது வெறும் ஊறுகாய்த் தோட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமாரிக்கு முகம் கொதித்தது.

"பழுத்துக் காட்டினா?"

"போகிக்குள்ள செடியிலயே ஒரே ஒரு பழம் முழுசாச் சிவக்கட்டும். தொட்டிங்க இருக்கட்டும், கூரைக்கு நான் சிமெண்டு பூசிக்கிறேன். சிவக்கலைன்னா போகியன்னிக்குப் பழைய பாயோட சேர்த்து இதையும் நானே இறக்கிடுவேன்."

"சொன்ன சொல்லு மாறக் கூடாது."

"மாறாதுக்கா."

அன்றிலிருந்து அவளுடைய கோபத்துக்குக் கை முளைத்தது. சத்தெல்லாம் காய்க்கே போகட்டும் என்று செடிகளின் கொழுந்தைக் கிள்ளினாள். புதிதாய் வந்த பூவையெல்லாம் உதிர்த்தாள். தண்ணீரைப் பாதியாய்க் குறைத்தாள். வெயில் குடித்துச் சூடேறும் கறுப்புத் தண்ணீர் டாங்க்கின் ஓரமாகத் தொட்டிகளை இழுத்து நிறுத்தினாள். பொழுது சாய்ந்தால் பனிக்குச் சாக்குப் போர்த்தினாள். இத்தனையும் செய்துகொண்டே திட்டினாள். செயலாளரை, சிரித்தவர்களை, மேகத்தை, கடைசியில் காய்களையும். வீட்டில் தட்டு வைக்கும் சத்தத்திலேயே அன்றைய காய்நிலவரம் தெரிந்துவிடும்.

அவள் கணவன் அழகிரிக்கு, வனஸ்பதி போட்டு மொறுமொறுவென்று வர்க்கி ரொட்டி சுடும் பேக்கரியில் வேலை. வாயில்லாத மனுஷன். போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாக்குப் போர்த்த மேலே போனவன் வேகமாக இறங்கி வந்தான்.

"சந்தனம், அந்த மூலைத் தொட்டியில ஒரு காய்..."

"காயைப் பத்திப் பேசாதீங்க. ஊரே அதைத்தான் பேசுது. நீங்களும் வேற வரணுமா?"

அவன் வாயை மூடிக்கொண்டான்.

போகி விடிந்தது. வாசலில் பழைய முறங்களும் கிழிந்த பாய்களும் குவிந்தன. செயலாளர் மாடிக்கு வந்தார்; கூடவே நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சந்தனமாரி சாக்கை விலக்கினாள். மூலைத் தொட்டியில், கொத்தில் தண்டையொட்டிய முதல் இடத்தில், குங்குமம் போல ஒரு பழம்.

"ஜெயிச்சிட்டீங்க அக்கா," என்றார் செயலாளர். குரலில் வருத்தமில்லை. "ஊறுகாய்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

இத்தனை நாள் சேர்த்து வைத்த வசவெல்லாம் அவள் தொண்டையில் ஒரு கணம் இனித்தது. பழத்தை முகர்ந்து பார்க்கக் குனிந்தாள். தக்காளிச் செடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அதன் பச்சை நெடி விரலை விட்டு லேசில் போகாது. இந்தப் பழத்தில் அந்த நெடி இல்லை. வனஸ்பதி வாசம் அடித்தது. அவள் தினமும் துவைக்கும் சட்டையின் வாசம். காம்பைத் தூக்கிப் பார்த்தாள். அதைக் கொத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது, இலைச் சாறு தேய்த்துப் பச்சையாக்கிய நூல். வர்க்கிப் பொட்டலம் கட்டுகிற நூல்.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் டாங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் கவனிக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். அவள் நூலை அறுத்து, பழத்தைச் செயலாளர் கையில் வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர் பேக்கரி அடுப்புமேல பழுத்தது சார். என் செடியில பழுக்கலை."

செயலாளர் பழத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாது. சொல்லிட்டீங்க. இனி நான் என்னக்கா செய்ய? கொடுத்த வாக்கு ரெண்டு பக்கமும் வாக்குதானே." பழத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு மூலைத் தொட்டியைத் தூக்கினார்.

தொட்டி சாய்ந்தபோது கொத்து திரும்பியது. நூல் கட்டியிருந்த இடத்துக்கு அடுத்த காய் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் அடியில் லேசாக, கன்னத்தில் அறைந்த தடம் போல, சிவப்பு.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் சந்தனமாரி. கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பறிச்ச காய் அப்ப எப்படி இருந்துச்சு?"

"அடியில லேசாச் செவப்பு விழுந்திருந்துச்சு," என்றான் அழகிரி. "அதனாலதான் அதைப் பறிச்சேன். மத்ததெல்லாம் கல்லு. இந்தக் குளிர்ல செடியில எங்க பழுக்கப் போகுது, நீ தலைகுனிய வேணாமேன்னு..." நிறுத்தினான். "சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன்."

தொட்டி செயலாளர் கையில். நூல் சந்தனமாரி கையில்.

பொய் சொல்லியாவது மனைவியின் மானம் காக்க நினைத்தான் ஒருவன். மெய் சொல்லித் தன் தொட்டிகளை இழந்தாள் ஒருத்தி. இரக்கப்பட்டும் வாக்கை விடவில்லை ஒருவர். கேட்பவரே, சொல்லும்: சந்தனமாரியின் கோபம் யார் தலையில் விழுவது நியாயம்?

விடை: செயலாளர் தலையில் அல்ல; அவர் கேலி செய்தது குற்றம், ஆனால் வாக்கில் பிசகவில்லை. கொத்தில் தண்டையொட்டிய காய்தான் முதலில் பழுக்கும். இரண்டாவது காய்க்கே இன்று சிவப்பு விழுந்திருக்கிறது என்றால், ஒரு வாரம் முன்பே செங்காயான முதல் காய் இந்நேரம் செடியிலேயே பழுத்திருக்கும். அவள் ஜெயித்திருந்தாள். ஜெயித்த காயைத்தான் தோற்கும் என்று பறித்தான் அழகிரி. ஆகவே கோபம் அவனுக்கு உரியது. அவன் சொல்ல வந்தபோது அவள்தானே வாயை அடைத்தாள் என்பீர்கள். அதுவும் தவறுதான். ஆனால் சாத்திய கதவை மறுநாளும் தட்டலாம். பறித்த காயைத் திரும்பக் காம்பில் வைக்க முடியாது; வைக்கப் போனால் கையில் நூல்தான் மிஞ்சும்.